வயல் விளைச்சலில் இருந்து எத்தனால்: முதலில் விறகுக் கணக்கு

நான் இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவன். தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், டில்லர் என்று சின்ன பெட்ரோல் இன்ஜின்கள்தான் என் வேலை. எத்தனால் பக்கம் வந்ததும் அந்த வழியாகத்தான். எத்தனால் என்பது இன்ஜினில் எரியக்கூடிய சாராயம். மாவை வேகவைத்துச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, வடித்து எடுப்பது. யோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பயிரில் நிறையக் கிடைக்கும் என்று. நான் திருப்பிக் கேட்பது, அடுப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று. இதற்குப் பதில் இல்லாமல் டிரம்மும் செம்புக் குழாயும் வாங்க வேண்டாம்.

ஏன் என்று ஒரு 200 லிட்டர் டிரம்மை வைத்துப் பார்ப்போம். 40 கிலோ மக்காச்சோள மாவு, 130 லிட்டர் தண்ணீர். சேர்ந்தால் 160 லிட்டர் சொச்சம் வரும், மேலே நுரைக்கு இடம் இருக்கும். சோளத்தில் மாவுச்சத்து எடையில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆக 25 கிலோ. ஒரு கிலோ மாவுச்சத்து முழுக்க மாறினால் 0.72 லிட்டர் எத்தனால் என்பது வேதியியல் போட்டிருக்கும் எல்லை. அப்படிப் பார்த்தால் 18 லிட்டர். கையில் வருவது அதில் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, 14 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல் ஆற்றல் (மெகாஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). மொத்தம் 295 மெகாஜூல் வரவு.

இப்போது செலவு. மாவை வேகவைக்க 30 டிகிரியில் இருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக 37 மெகாஜூல். புளித்து முடிந்த ஊறலை மறுபடி கொதிநிலைக்கு ஏற்ற 39. எத்தனாலை ஆவியாக்கி, அதில் ஒரு பகுதியைத் திரும்ப வழியவிட்டு, மறுபடி ஆவியாக்க இன்னொரு 40. கூட்டினால் 115 மெகாஜூல் சொச்சம். வரவு 295, செலவு 115, நல்ல லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 115 பாத்திரத்துக்கு உள்ளே போக வேண்டியது. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் 15 சதவீதம் உள்ளே போனால் பெரிய விஷயம். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல். அப்படியானால் 50 கிலோ விறகு, அதாவது 750 மெகாஜூலுக்கு மேல் எரித்து 295 எடுக்கிறோம். நேராக அந்த விறகையே எரித்துக்கொள்ளலாம்.

இதனால் எத்தனால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விறகை ஊற்றி பம்பு ஓட்ட முடியாது, எத்தனாலை ஊற்றி ஓட்டலாம். அந்த வசதிக்காகத்தான் இவ்வளவும். ஆனால் அடுப்பில் போடுவது வேறெதற்கும் ஆகாத சோளத்தட்டை, கதிர்ச்சக்கை, கரும்புச் சக்கை மாதிரி இருக்க வேண்டும். மணி 40 கிலோ விளைந்த இடத்தில் ஏறக்குறைய அதே எடைக்குத் தட்டையும் விளைந்திருக்கும். கரும்பு எத்தனாலின் ஆற்றல் கணக்கு மற்றதைவிடத் தூக்கலாக நிற்பதற்கும் இதுதான் காரணம். ஆலையின் கொதிகலனுக்குச் சக்கையே போகிறது, வெளியில் இருந்து எரிபொருள் வாங்குவதில்லை.

அடுத்தது செலவைக் குறைப்பது. மூடிய அடுப்பு கட்டி, டிரம்மைச் சுற்றி நெருப்பு ஓடும்படி விட்டால் 30 சதவீதம் உள்ளே போகும், விறகு பாதியாகிவிடும். போன முறை வடித்து மிஞ்சிய சூடான தண்ணீரில் 40 லிட்டரை அடுத்த வேகவைப்புக்கு ஊற்றினால் 10 மெகாஜூல் மிச்சம். ஆவியைக் குளிரவைக்கப் பச்சைத் தண்ணீருக்குப் பதில் அடுத்த ஊறலையே சுற்றவிட்டால், அது காசில்லாமல் 60 டிகிரி வரை சூடாகி நிற்கும். அதில் ஒரு 19. மீதித் தண்ணீரைக் கறுப்புக் குழாயில் வெயிலில் வைத்து 55 டிகிரிக்கு எடுத்தால் இன்னொரு 9. இத்தனையும் செய்தால் 17 கிலோ விறகில் வேலை முடியும். அப்போதுதான் வரவு செலவை மிஞ்சுகிறது, அதுவும் கொஞ்சமாக. கீழே நான் சொல்லப்போகிற பல முடிவுகள் இந்தக் கணக்கில் இருந்து வருபவை.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. எரிபொருளுக்கே ஆனாலும் சாராயம் வடிக்க அநேகமாக எல்லா நாட்டிலும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். எரிபொருளுக்கென்று தனி உரிமம் பல இடங்களில் உண்டு. எவ்வளவு வடிக்கலாம், குடிக்க முடியாதபடி என்ன கலக்க வேண்டும், கணக்குப் புத்தகம் எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். காகிதம் கைக்கு வந்தபின் பாத்திரம் வாங்குங்கள்.

பயிர் எது?

சர்க்கரைப் பயிர், மாவுப் பயிர் என்று இரண்டு வகை. கரும்பு, இனிப்புச் சோளம், பீட்ரூட் வகையில் சர்க்கரை தயாராக இருக்கிறது, வேகவைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன 37 மெகாஜூல் செலவே இல்லை. சிக்கல் என்னவென்றால் சாறு நிற்காது. பிழிந்த சில மணி நேரத்தில் பாக்டீரியா ஏறிவிடும், அன்றைக்கே ஈஸ்ட் போட்டாக வேண்டும். ஒரு டன் கரும்பில் 70 லிட்டர் கிடைக்கும், இனிப்புச் சோளத் தண்டில் 40 முதல் 50. மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு, கிடைத்தால் அதுதான் சுலபம். எடையில் பாதி சர்க்கரை, மாதக்கணக்கில் கெடாது, தண்ணீர் விட்டு 20 முதல் 25 பிரிக்ஸுக்கு (கரைசலின் சர்க்கரை அளவு) கொண்டுவந்தால் போதும்.

மாவுப் பயிர்களில் மக்காச்சோளம் டன்னுக்கு 380 லிட்டருக்கு மேல் ஆலைகளில் கொடுக்கிறது. மரவள்ளிக் கிழங்கு பச்சையாக 150 முதல் 180. கிழங்கில் தண்ணீர்தான் அதிகம், அதனால் எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். மரவள்ளி பறித்த இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். சீவிக் காயவைத்துச் சில்லாக வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க உதவும். காயவைப்பதும் வெயிலின் வேலை, நம் விறகு செலவாகாது. அதனால் எனக்கு மரவள்ளிச் சில்லு மேல் ஒரு சாய்வு உண்டு.

நல்ல தானியத்தை இதில் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. உடைந்தது, மழையில் நனைந்தது, பூஞ்சை பிடித்தது, இவைதான் எத்தனாலுக்கு. ஈஸ்டுக்குப் பூஞ்சை பெரிய தடையல்ல, பூஞ்சை நஞ்சும் வடிநீரோடு மேலேறி வராது. எல்லாம் கீழே தங்கிவிடும். அந்தக் கீழே தங்குவது பின்னால் வேறொரு சிக்கலைக் கொண்டுவரும், கடைசியில் சொல்கிறேன்.

வேகவைத்தல்

எத்தனால் தொலைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வடிக்கும் குழாயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் மாவை அரைகுறையாக வேகவைத்துவிட்டு, பலன் போதவில்லை என்று வந்து நிற்பார்கள். இருக்கிற சர்க்கரைக்கு மேல் எந்தக் குழாயும் வடிக்காது.

சோளத்தை ரவையைவிட நைசாக, மைதாவைவிடக் கொரகொரப்பாக அரையுங்கள். ரொம்ப நைசானால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி, கிளறிக்கொண்டே மாவைத் தூவுங்கள். பிஹெச் (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5.5க்கும் 6க்கும் இடையில் இருக்கட்டும். அப்புறம் மாவுச்சத்தை அறுக்கும் ஆல்பா அமைலேஸ் என்சைமில் பாதியை இப்போதே ஊற்றிவிடுங்கள். இது முக்கியம். சோள மாவு 62 டிகிரி தாண்டியதும் பசையாக இறுகத் தொடங்கும். என்சைம் முன்பே உள்ளே இருந்தால் இறுக இறுக அறுத்துவிடும், துடுப்பு சுலபமாகத் திரும்பும். இல்லையென்றால் 70 டிகிரியில் டிரம்முக்குள் ஒரே பிண்டம், அடியில் தீயல்.

என்சைம் அளவு மாவுச்சத்தின் எடையைப் பொறுத்தது, லேபிளில் இருக்கும். 25 கிலோவுக்குச் சில மில்லி லிட்டர்களில்தான் வரும், சின்ன சிரிஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இந்த என்சைமுக்குக் கொஞ்சம் கால்சியம் பிடிக்கும். மழைநீர் மாதிரி மென்மையான தண்ணீரைவிட உப்புக் கிணற்றுக்குக் கொஞ்சம் இந்தப்புறமான கடினத் தண்ணீர் நல்லது.

85 முதல் 90 டிகிரிக்கு ஏற்றி, மீதிப் பாதி என்சைமை ஊற்றி, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் அங்கேயே பிடித்து வையுங்கள். டிரம்மைச் சாக்கால் சுற்றிவிட்டால் தீயைத் தொட வேண்டியதே இல்லை. கூழ் பாயசப் பதத்தில் இருந்து மோர்ப் பதத்துக்கு இளகும். நம்பிக்கைக்கு அயோடின் சோதனை செய்யுங்கள். தெளிந்த நீரை மட்டும் ஒரு வெள்ளைத் தட்டில் விட்டு, ஆறியபின் ஒரு சொட்டு அயோடின். கருநீலம் வந்தால் மாவுச்சத்து இன்னும் அறுபடவில்லை. பழுப்போ சிவப்போ வந்தால் மேலே போகலாம். தோல் துணுக்கு கலந்திருந்தால் எப்படியும் நீலம் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது கையில் இருப்பது நீளச் சங்கிலியை வெட்டிய துண்டுகள். ஈஸ்ட் தின்னும் குளுக்கோஸ் ஆக்க இரண்டாவது என்சைம், குளுக்கோ அமைலேஸ் வேண்டும். அதற்குப் பிஹெச் 4.5 பக்கம் தேவை. சிட்ரிக் அமிலம் போடலாம், இல்லையென்றால் நான் முன்பு சொன்ன, போன முறை வடித்து மிஞ்சிய தண்ணீரே புளிப்பாக இருப்பதால் பாதி வேலையை அது செய்துவிடும். 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துச் சர்க்கரையாக்கிவிட்டுப் பிறகு ஆறவைப்பது ஒரு முறை. நான் ஆறவைத்து, 32 டிகிரியில் என்சைமையும் ஈஸ்டையும் ஒன்றாகப் போடுகிறேன். பெரிய ஆலைகளிலும் இதுதான் வழக்கம். சர்க்கரை உண்டாக உண்டாக ஈஸ்ட் தின்றுவிடுவதால், இனிப்பு தேங்கி பாக்டீரியாவுக்கு விருந்தாவதில்லை.

என்சைம் கிடைக்காத இடத்தில் முளைகட்டிய பார்லியோ கேழ்வரகோ காயவைத்து அரைத்து, தானிய எடையில் 15 சதவீதம் சேர்க்கலாம். ஆனால் அதன் என்சைம் 65 டிகிரிக்கு மேல் தாங்காது. முதலில் சோளத்தை வேகவைத்து, 65க்கு ஆறவைத்து, பிறகுதான் சேர்க்க வேண்டும்.

புளிக்கவைத்தல்

160 லிட்டருக்கு 160 கிராம் உலர் ஈஸ்ட். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள். கூடவே 160 கிராம் டிஏபி உரம். ஈஸ்டுக்கு நைட்ரஜன் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். மூடியில் ஒரு குழாய் வைத்து, அதன் மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டுவிடுங்கள்.

புளிக்கும்போது ஊறல் தானே சூடாகும். 35 டிகிரி தாண்டினால் ஈஸ்ட் திணறும், 40ஐ நெருங்கினால் கதை முடிந்தது. வெயில் காலத்தில் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு, நிழல், காற்று. இரண்டாம் நாள்தான் அதிகம் சூடேறும், அன்றைக்குத் தெர்மாமீட்டரை எடுத்து வையுங்கள். மூன்றாம் நாள் குமிழி அடங்கும். வாசனை ரொட்டி மாதிரி, கொஞ்சம் புளிப்பாக இருக்கலாம். காடி வாசனை தூக்கலாக அடித்தால் எத்தனால் அசிட்டிக் அமிலமாகிக்கொண்டிருக்கிறது, உடனே வடித்துவிடுங்கள்.

இந்த ஒரு டிரம்மில் இருந்து 10 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். கன அளவில் அது கிட்டத்தட்ட 6 கன மீட்டர், காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். மூடிய அறை, நிலவறை, பள்ளம் எதிலும் புளிக்கவைக்காதீர்கள். மூச்சு முட்டுகிறது என்று உணரும் முன்பே ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போனவரும் விழுவார்.

வடித்தல்

துணியில் வடிகட்டிச் சக்கையைப் பிழிந்துவிட்டு, நீரை மட்டும் கொதிகலத்தில் ஊற்றுங்கள். சக்கையோடு நேரடித் தீயில் வைத்தால் அடிபிடிக்கும்.

சாதாரணப் பானை வடிப்பில் 9 சதவீத ஊறலில் இருந்து ஒரு முறைக்கு 30, 40 சதவீதம்தான் வரும். அதையே திரும்பத் திரும்ப வடித்தால் விறகுக் கணக்கு கவிழ்ந்துவிடும். அதனால் ஒரே முறையில் 90க்கு மேல் எடுக்க, கொதிகலத்தின் மேல் 3 அங்குல அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு நெடுங்குழாய். உள்ளே துருப்பிடிக்காத எஃகு நார் அல்லது செம்பு வலை. பாத்திரம் தேய்க்கும் எஃகு நாரே போதும், காந்தம் ஒட்டாததாகப் பார்த்து வாங்குங்கள், ஒட்டுகிற மலிவு வகை துருப்பிடிக்கும். குழாயின் உச்சியில் ஆவியின் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்பக் கீழே வழியவிட வேண்டும். வழியும் திரவமும் ஏறும் ஆவியும் நாரின் மேல் உரசிக்கொண்டே போகும்போது தண்ணீர் கீழேயும் எத்தனால் மேலேயும் பிரியும். குழாய்க்கு வெளியே கண்ணாடிக் கம்பளியோ தடித்த துணியோ சுற்றுங்கள். காற்றடித்துக் குழாய் குளிர்ந்தால் பிரிப்பு தாறுமாறாகும்.

உச்சியில் ஒரு தெர்மாமீட்டர். 78, 79 டிகிரியில் நின்றால் சரி. ஏறினால் தீயைக் குறையுங்கள், அல்லது திரும்ப வழிவதைக் கூட்டுங்கள். 82 தாண்டி இறங்க மறுத்தால் எத்தனால் தீர்ந்து வருகிறது. அதற்குமேல் வருவதைத் தனியாகப் பிடித்து அடுத்த ஊறலோடு சேர்த்துவிடுங்கள். மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரும். ஆல்கஹால் மீட்டர் 20 டிகிரியில்தான் சரியாகக் காட்டும், சூடான திரவத்தில் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

ஆவி போகும் பாதையில் எங்கும் வால்வு வைக்காதீர்கள். கடைசிக் குழாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். பிடிக்கும் கேன் தீயில் இருந்து எட்ட, காற்று தீயை நோக்கி அடிக்காத பக்கம். பொறி பட்டால் எத்தனால் ஆவி 17 டிகிரியிலேயே தீப்பிடிக்கும், எரியும்போது பட்டப்பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. நடந்துபோகிறவர் கால் சுட்டபின்தான் தெரிந்துகொள்வார். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றும் நிறையத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். வடிந்ததில் அன்றைக்கே உரிமம் சொல்லும் அளவு பெட்ரோல் கலந்து, கேனில் பெரிதாக எழுதிவிடுங்கள். குடிக்கக்கூடாது என்று வாயால் சொன்னால் கேட்காதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

எவ்வளவு வடித்தாலும் கன அளவில் 97 சதவீதத்துக்கு மேல் போகாது. அந்த இடத்தில் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருக்கும், பிரிக்க ஒன்றும் இல்லை. மீதித் தண்ணீரையும் எடுக்க 3ஏ ஜியோலைட் மணிகள் வேண்டும். அவற்றின் துளையில் தண்ணீர் நுழையும், எத்தனால் நுழையாது. 92 சதவீத எத்தனால் 15 லிட்டரை உலர்த்த 8 கிலோ மணிகளும், பிறகு அவற்றை 200 டிகிரிக்கு மேல் வறுத்துக் காயவைக்கும் அடுப்பும் தேவை. பெட்ரோலோடு கலந்து ஓட்டுவதானால் இந்தச் செலவு தப்பாது. தண்ணீர் உள்ள எத்தனாலைப் பெட்ரோலில் கொட்டினால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். தனி எத்தனாலில் ஓட்டுவதானால் 92 சதவீதமே போதும். பிரேசிலில் பம்பில் தனியாக விற்கும் எத்தனாலும் தண்ணீர் உள்ளதுதான், கார்கள் ஓடுகின்றன. என் யோசனை, மணிகளை மறந்துவிடுங்கள்.

மிஞ்சுவது

மாவுச்சத்து போனபின் சக்கையில் புரதம் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிந்திருக்கும், மாடு ஆசையாகத் தின்னும். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஆனால் பூஞ்சைத் தானியத்தில் தொடங்கியிருந்தால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சும் அதே மூன்று மடங்கு செறிந்திருக்கும், பாலிலும் இறங்கும். அந்தச் சக்கை எருக்குழிக்கு மட்டுமே. வடித்து மிஞ்சிய தண்ணீர் பிஹெச் 4 பக்கம் புளிப்பு. குளத்திலோ ஓடையிலோ விட்டால் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். அடுத்த வேகவைப்புக்குப் போக மீதியை எருவில் ஊற்றுங்கள்.

இன்ஜினில்

இனி என் சொந்த வேலை. டீசல் இன்ஜினை விட்டுவிடுங்கள், கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் இன்ஜின்தான் சுலபம். பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று, எத்தனாலுக்கு 9 பங்கு. அதனால் மெயின் ஜெட் (கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் துளையுள்ள திருகு) துளையின் விட்டம் 20 முதல் 30 சதவீதம் பெரிதாக வேண்டும். பழைய ஜெட்டைத் துளைபோடாமல் புதிதாக ஒன்று வாங்கி அதில் துளைபோடுங்கள், திரும்பப் பெட்ரோலுக்கு வர வழி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, முழு லோடில் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிறிப்போயிருந்தால் எரிபொருள் இன்னும் போதவில்லை. ஐடில் ஜெட்டையும் மறக்காதீர்கள். ஆக்டேன் (தட்டாமல் எரியும் தன்மை) அதிகம் என்பதால், பிளக் பொறி விடும் டைமிங்கைச் சில டிகிரி முன்னால் தள்ளலாம், இழுவை கூடும்.

பழைய ரப்பர் குழாயும் கார்க் கேஸ்கெட்டும் ஊறி உப்பும், வைட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். துத்தநாக வார்ப்பு கார்புரேட்டர் உள்ளே வெள்ளையாகப் பூத்து அரிக்கும், அதற்கு வைத்தியம் இல்லை, கண்காணிப்புதான். முதல் சில டேங்குகளில் எத்தனால் பழைய அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும், உபரி ஃபில்டர் கையில் இருக்கட்டும். குளிர்ந்த காலையில் கிளம்பாது. ஒரு மூடி பெட்ரோலைக் காற்று வாயில் விட்டு இழுத்தால் கிளம்பிவிடும். பெட்ரோல் ஒரு லிட்டர் போகும் இடத்தில் எத்தனால் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் போகும்.

சில வாரம் ஓட்டாமல் வைப்பதானால், கடைசிப் பத்து நிமிடம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி முழுக்க வடித்துவிடுங்கள்.